உங்கள் பீரோவில் என்ன இருக்கிறது? மதுரை மாவட்டப் பள்ளி நூலகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த சக ஆசிரியர்களே, நூலகர்களே,

வணக்கம்.

எல்லோரையும் நூலகர்களே என்று விளிக்க ஆசைதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் நூலகர்கள் அல்லர், நூலகப் பொறுப்பாசிரியர்கள். கணக்கோ அறிவியலோ தமிழோ நடத்துவதற்காகப் பணியில் சேர்ந்தவர்கள். ஒரு ஜூன் மாத ஆசிரியர் கூட்டத்தில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் ஒருவருக்கு, சுற்றுச்சூழல் மன்றம் இன்னொருவருக்கு என்று பொறுப்புகளைப் பங்கிட்டபோது, எஞ்சியிருந்த சாவி நம் கைக்கு வந்தது. முறையாக நூலக அறிவியல் படித்தவர்கள் சில உதவிபெறும் பள்ளிகளிலும் தனியார் பள்ளிகளிலும் இருக்கிறீர்கள். இந்த மடல் உங்களுக்கும்தான். உங்களிடம் நாங்கள் கேட்டுக் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். கொட்டாம்பட்டியிலிருந்து எழுமலை வரை, வாடிப்பட்டியிலிருந்து கள்ளிக்குடி வரை, நம் பள்ளி நூலகங்களில் என்னென்ன நூல்கள் இருக்கின்றன, எவற்றைப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள், எவற்றைத் தொடுவதே இல்லை என்பதை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இணையத்தில் ஒரு வலையமைப்பு வேண்டும். அதை நாமே கட்ட வேண்டும். மேலிருந்து வரட்டும் என்று காத்திருந்தால் ஒருநாள் வரத்தான் செய்யும்; கூடவே கடவுச்சொல்லும் கடைசித் தேதியும் வரும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற தகவல் தளத்தில் வருகைப் பதிவு முதல் காலணி அளவு வரை ஏற்றிப் பழகியவர்கள் நாம். அது எப்படி முடியும் என்று நமக்குத் தெரியும்: கட்டங்கள் நிரம்பிவிடும், பீரோ பூட்டியே இருக்கும்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வியாழன் கோளின் நிலவுகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகத்தில் இருப்பது அவளுக்குப் போதவில்லை. நம் அலமாரியில் இல்லை. "பார்க்கலாம்மா" என்கிறோம். அந்த வயதில் ஒரு ஆர்வம் ஒரு வாரம் தாங்கினால் பெரிது. செல்லம்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு பள்ளியில், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன வானியல் நூல்கள் ஒரு தட்டு முழுவதும் இருக்கலாம். அங்கே கேட்பார் இல்லாமல் இருக்கிறது. இங்கே கேட்டும் கிடைக்காமல் இருக்கிறது. அரசு வழங்கும் நூல்கள் பெரும்பாலும் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒன்றுபோலவே வருபவை. ஒரு பள்ளி நூலகத்தை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துவது இப்படிப்பட்ட கொடைகள்தான். அவற்றைப் பற்றி அடுத்த பள்ளிக்குத்தான் எதுவும் தெரியாது.

மதுரைக்கு நூல் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் இங்கே தமிழ்ச் சங்கம் நிறுவியபோது அதனுடன் பாண்டியன் புத்தகசாலையையும் அமைத்தார். சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் தமிழறிஞர் தெ.பொ.மீ. பெயரில் பெரிய நூலகம் இருக்கிறது. காந்தி அருங்காட்சியகத்துக்குள்ளும் ஒரு நூலகம் உண்டு. 2023 ஜூலை 15 அன்று புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அதன் குழந்தைகள் பகுதியைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் நம் நூலகத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. ஆனால் உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கும் ஒரு கிராமத்துப் பிள்ளை அங்கே போவது ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் சுற்றுலா பஸ்ஸில். அந்தப் பிள்ளைக்கு அன்றாடம் கைக்கெட்டுவது பள்ளிக்கூடத்துப் பீரோ மட்டும்தான்.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய இணைய நூலகம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்பதை நம் ஆசிரியர்களில் பலர் அறிந்திருக்கவில்லை. அதன் பெயர் மதுரைத் திட்டம். 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் உழைத்தார்கள். ஒருவர் தட்டச்சு செய்வார், வேறொரு நாட்டில் இருப்பவர் மெய்ப்புப் பார்ப்பார். சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு எழுத்து வரை இன்று எவரும் இலவசமாகப் படிக்கும்படி கிடப்பது அந்த உழைப்பால்தான். தொடங்கும்போது அவர்களிடம் கட்டடம் இல்லை, தமிழுக்குப் பொதுவான கணினி எழுத்துமுறைகூட நிலைபெற்றிருக்கவில்லை. திஸ்கி என்ற பழைய எழுத்துமுறையில் ஏற்றியவற்றை, பிறகு எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றினார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் நம் வேலை சிறியது. நூல்களைத் தட்டச்சு செய்ய வேண்டாம், நூல்களின் பெயர்களை மட்டும் செய்தால் போதும்.

அந்தப் பெயர்ப் பட்டியலில்தான் முதல் சிக்கலே இருக்கிறது. கணினியில் நூல் பட்டியல் வைத்திருக்கும் பள்ளிகள் சில இருக்கின்றன. ஆனால் பழைய பட்டியல்கள் பல வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. வேறு கணினியில் திறந்தால் நூல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்து நிற்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தும் அந்தக் கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. எழுத்துரு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பட்டியலை அடித்தவர் மாற்றலாகிப் போவதற்குள் எந்த எழுத்துரு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் மாற்ற உட்கார்ந்தால் பாதி நாள் போய்விடும்.

அடுத்தது ஆசிரியர் பெயர். மேலே சொன்ன தெ.பொ.மீ.யையே எடுத்துக்கொள்வோம். ஒரு பதிவேட்டில் தெ.பொ.மீ.; இன்னொன்றில் தெ.பொ. மீனாட்சிசுந்தரம், மற்றொன்றில் மீனாட்சிசுந்தரனார், தெ.பொ. நமக்கு மூவரும் ஒருவர் என்று தெரியும். தேடும் கணினிக்கு மூன்று பேர். முன்னெழுத்துக்குப் பின் புள்ளியா, இடைவெளியா, இரண்டுமா என்பதில் ஆளுக்கொரு வழக்கம். நம்மில் நூலக அறிவியல் படித்தவர்கள் ஒரு மாலை உட்கார்ந்து, தமிழ்ப் பெயர்களை எப்படி எழுதுவது என்று ஒரு பக்க விதி எழுதிக் கொடுத்தால் நாங்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவோம். சுடும் வெயிலில் இன்னொரு பயிற்சி வகுப்புக்கு அழைக்காமல் ஒரு பக்கமாகவே கொடுங்கள்.

பட்டியலில் நிரல்கள் குறைவாக இருக்கட்டும். நூல் பெயர், ஆசிரியர், பதிப்பகம், மொழி, எத்தனை படிகள், எந்தப் பள்ளி. இவற்றுடன் எந்த நிலை வாசகருக்கு என்பதும் வேண்டும். அதற்குப் புதிதாக அளவுகோல் தேட வேண்டியதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் வந்திருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கே இந்தச் சொற்கள் பழகிவிட்டன. எங்கள் பள்ளியில் ஒருவன் "நான் இப்போ ஓடு, அடுத்த மாதம் பற" என்று கணக்கு வைத்திருக்கிறான். பழைய நூல்களுக்கும் அதே நான்கில் ஒன்றைக் குறித்துவிடலாம். ஐஎஸ்பிஎன் எண், பகுப்பு எண் இவையெல்லாம் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று தெரிந்தவர்கள் போடலாம். தெரியாத ஒருவர் அதற்காகத் தயங்கிப் பட்டியலையே தள்ளிப்போட வேண்டாம்.

பட்டியலைவிட எனக்கு ஆசை வேறொன்றின் மேல். எந்த நூலை எந்தப் பிள்ளை எப்படிப் படித்தது என்ற செய்தி. விற்பனைப் பட்டியலும் சொல்லாது, மதிப்புரையும் சொல்லாது. இது நமக்கு மட்டுமே தெரியும். எட்டாம் வகுப்பில் வாய்விட்டுப் படித்தால் எந்த இடத்தில் வகுப்பு சிரிக்கிறது, எந்தக் கதையை மூன்று பேர் அடுத்தடுத்து எடுத்துப் போகிறார்கள், எதை இரண்டு பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கடைசியில் சொன்னதைக் கட்டாயம் எழுதுங்கள். பாராட்டுக் குறிப்புகள் தாமாகவே வந்துவிடும். படிக்க முடியாத நூல் எது, எழுத்து பொடியாக இருக்கிறதா, மொழிபெயர்ப்பு கடிக்கிறதா என்று வெளிப்படையாகச் சொன்னால் அடுத்த பள்ளி அதில் பணம் போடாது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் நூலக மானியம் பள்ளியின் நிலைக்கு ஏற்ப 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. இந்தத் தொகையில் எதை வாங்குவது என்ற தேர்வு நம் கைக்கு வரும் ஆண்டுகளில், ஒரே ஒன்றியத்துப் பள்ளிகள் பேசி வைத்துக்கொண்டு வெவ்வேறு நூல்களை வாங்கலாம். தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவுக்குக் கையில் பட்டியலோடு போகலாம். இப்போது அட்டையைப் பார்த்து வாங்கிக்கொண்டு வருகிறோம்.

கைவேலைக் குறிப்புகளும் வேண்டும். நூலகப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் கேட்டால் மறுப்பது எப்படி என்பது முதல், முதுகு பிரிந்த நூலைத் தைப்பது வரை. மைதாப் பசையில் ஒட்டினால் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் தேடி வரும் என்பதால் பைண்டிங் செய்பவர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். மயில்துத்தம் நஞ்சு. சிறு பிள்ளைகள் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் நூலில் அதைச் சேர்ப்பது சரியா, மாற்று என்ன? அனுபவமுள்ளவர் யாராவது நாலு வரி எழுதினால் மாவட்டம் முழுவதற்கும் பயன்படும்.

இனி ஒரு கசப்பான பேச்சு. வளங்களைப் பகிர்வது என்றவுடன் நமக்குத் தோன்றுவது பிடிஎஃப். யாரோ ஒளிவருடிய நூல், கைபேசிக் குழுக்களில் வலம் வருவது. "சார், நூறு சிறுவர் நூல்கள் இருக்கு, அனுப்பட்டுமா?" என்று அன்போடு கேட்கிறார்கள். அனுப்ப வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் உரிமையைக் காக்கிறது. தமிழில் குழந்தைகளுக்கு எழுதுபவர்களும் அதை அச்சிடும் சிறு பதிப்பகங்களும் முந்நூறு படி விற்பதற்கே திணறுகிறார்கள். அவர்கள் வயிற்றில் அடிக்கும் வேலையைப் பள்ளிக்கூடம் செய்யக் கூடாது. முறையாக இலவசமாகக் கிடைப்பதே நம் தேவைக்குத் தாராளமாக இருக்கிறது. 2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைத் தரவிறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்த்துக்கூட ஏற்றலாம். உரிமமே அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்துகள் இருக்கின்றன. மதுரைத் திட்டம் பற்றி முன்பே சொன்னேன். உயர்நிலைப் பள்ளிகளின் ஹைடெக் லேப் நேரத்தில் இவற்றைத் திறந்து காட்டலாம். இந்தக் கடலில் நம் பிள்ளைகளுக்கு ஏற்றவை எவை என்று பொறுக்கியெடுத்த பட்டியல்தான் இல்லை. அதையும் நம் வலையமைப்பு செய்யட்டும்.

எந்த மென்பொருள் என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப் குழு போதாது. காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் கீழே போன நல்ல குறிப்பை மறுபடி தேடி எடுத்தவர் யாரும் இல்லை. புதிதாகச் சேருபவருக்குப் பழையது எதுவும் தெரியாது. அறிவிப்புக்கு மட்டும் குழு இருக்கட்டும். பட்டியலுக்கு இணையத்தில் எல்லோரும் திருத்தக்கூடிய ஒரு விரிதாள் போதும், முதல் ஆண்டுக்கு. அது நிலைத்துவிட்டால் கோஹா, இ-கிரந்தாலயா போன்ற நூலக மென்பொருள்களுக்கு மாறலாம். கோஹா நியூசிலாந்தின் ஒரு சிறு வட்டார நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு, பிறகு எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்து விடப்பட்டது. இ-கிரந்தாலயா தேசிய தகவலியல் மையம் உருவாக்கியது. இரண்டிலும் யூனிகோடு தமிழ் ஏறும். ஒரு கட்டுப்பாடு மட்டும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்: மாணவர் பெயரும் படமும் அங்கே வேண்டாம். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. "ஏழாம் வகுப்பு மாணவி" என்றாலே போதுமே.

சரி, செல்லம்பட்டியில் நூல் இருப்பது தெரிந்துவிட்டது. அது எப்படி வந்து சேரும்? தபால் செலவெல்லாம் வேண்டாம். குறுவள மையக் கூட்டம், வட்டார வள மையத்தில் பயிற்சி, வினாத்தாள் வாங்குவது என்று நாம் எப்படியும் ஒன்றிய அளவில் சந்தித்துக்கொண்டேதான் இருக்கிறோம். போகும்போது ஒரு துணிப்பையில் கேட்ட நூல்கள், வரும்போது வாங்கிய நூல்கள். இரு பள்ளியிலும் ஒரு வழங்கல் பதிவேடு, தலைமையாசிரியர் சுருக்கொப்பம், ஒரு பருவம் கழித்துத் திருப்பித் தருவது. இணையத்தில் செய்வது பாதி வேலை. மறுபாதி இந்தப் பையில்தான் நடக்கும்.

இங்கேதான் எல்லோரும் பின்வாங்குவீர்கள். தெரியும். "தொலைந்தால் யார் கட்டுவது?"

இருப்புப் பதிவேட்டில் வரிசை எண் போட்டு ஏற்றிய நூல் தணிக்கையின்போது கண்ணில் படவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாசிரியர். அடுத்தவருக்குப் பொறுப்பை ஒப்படைக்கும்போது குறைந்த நூல்களின் விலையைக் கைப்பணத்தில் கட்டியவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயத்தில்தான் பீரோ பூட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் புத்தகம் தரக் கூடாது என்று நினைக்கும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை எடுத்துக்காட்டினார். நம்மிடம் சங்கிலி இல்லை. பதிவேடு இருக்கிறது.

இதைப் படிக்கும் அலுவலர்கள் யாரேனும் இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 215ஆம் விதியைப் பாருங்கள். ஓர் ஆண்டில் வழங்கப்பட்ட அல்லது எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் குறைவதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது அது. இழப்புக்கு நாணயக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரிக்கச் சொல்கிறது. நியாயமான விதி. கவனியுங்கள்: கணக்கு, வைத்திருக்கும் நூல்களுக்கு அல்ல, வழங்கிய நூல்களுக்கு. இரண்டாயிரம் முறை நூல் கொடுத்த பள்ளிக்குப் பத்து நூல் வரை விலக்கு உண்டு. பூட்டியே வைத்திருந்த பள்ளிக்கு விலக்கே இல்லை. மத்திய அரசு அலுவலகங்களுக்கான இந்த விதியைப் போன்ற ஒரு வாசகம், நம் மாநிலத் தணிக்கையாளரும் ஏற்கும் வடிவில், ஒவ்வொரு தலைமையாசிரியர் மேசைக்கும் சுற்றறிக்கையாக வர வேண்டும். உங்களிடம் நாங்கள் கேட்பது இது ஒன்றைத்தான். செயலி வேண்டாம், தளம் வேண்டாம், தொடக்க விழா வேண்டாம்.

பொது நூலகத் துறையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ்தான் வருகிறது. ஆனாலும் கிளை நூலகரும் ஊர்ப்புற நூலகரும் பக்கத்துப் பள்ளியின் பொறுப்பாசிரியரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்திருப்பது அபூர்வம். அவர்களையும் சேர்த்துக்கொள்வோம். விடுமுறை மாதங்களில் பள்ளி பூட்டியிருக்கும்போது பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்பதற்கு வேறு வழி கிடையாது.

முதலில் உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடபட்டி ஆகிய மூன்று ஒன்றியங்களில் தொடங்கலாம் என்று சில பள்ளிகள் பேசி வைத்திருக்கிறோம். மேலூர், திருமங்கலம் பக்கத்து நண்பர்கள் இணையாகத் தொடங்கினால் நல்லது. நகரத்துப் பள்ளிகளுக்குத் தனிச் சிக்கல் உண்டு. அங்கே நூல்கள் அதிகம், இடம் குறைவு. அதை அவர்கள்தான் எழுத வேண்டும். வரும் ஆகஸ்ட் 12, தேசிய நூலகர் நாளுக்குள் ஒவ்வொரு பள்ளியும் பீரோவின் ஒரே ஒரு தட்டை மட்டும் பட்டியலில் ஏற்றினால் போதும். எந்தத் தட்டு என்பது உங்கள் விருப்பம். கொடையாக வந்த நூல்கள் இருக்கும் தட்டாக இருந்தால் மகிழ்ச்சி.

எங்கள் பள்ளியிலிருந்து தொடங்குகிறேன்.

கொடுக்க இருப்பவை: ஆங்கிலக் கலைக்களஞ்சியத் தொகுதிகள், முழு வரிசை, மேல்நிலைப் பள்ளிக்குப் பொருந்தும். நுழை நிலைப் படக்கதைகள் ஒரே நூலில் பல படிகள். தொடக்கப் பள்ளிகள் கேட்கலாம். சதுரங்கம் பற்றிய தமிழ் நூல் இரண்டு படிகள்; ஒன்று எங்களுக்குப் போதும்.

தேவைப்படுபவை: பாம்புகளைப் பற்றித் தமிழில் ஒரு நூல், ஓடு நிலையில், வண்ணப்படங்களோடு; கேட்பவன் ஆறாம் வகுப்பு, வீட்டைச் சுற்றி வயல். தையல் கற்றுத்தரும் நூல், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இருவருக்கு. பெரிய எழுத்தில் அச்சிட்ட கதைகள் எதுவாயினும். பார்வை மங்கலான பிள்ளை ஒருத்தி இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறாள், கையில் இருப்பதையெல்லாம் படித்து முடித்துவிட்டாள்.

அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்குப் பையோடு வருகிறேன்.

அன்புடன்,
நூலகப் பொறுப்பாசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்